சொல்லாமல் போட்ட பிரேக்

நிதானம் என்பது அவளுடைய பெயர் அல்ல. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. கற்க வருகிறவர்களிடம் நாள் முழுக்க “நிதானம், நிதானம்” என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் அவளைத் தெருவில் பார்த்தால் ஹாரன் அடித்து, நிதானம் டீச்சர் சௌக்கியமா என்று விசாரிப்பார்கள். தேவையில்லாமல் ஹாரன் அடித்ததற்கு அந்த இடத்திலேயே திட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

டிரைவிங் ஸ்கூல் காரில், சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அந்தத் தைரியம் இல்லாவிட்டால் யார்தான் இந்த வேலைக்கு வருவார்கள்? மற்ற ஆசிரியர்கள் அந்தப் பிரேக்கைத் தோன்றியபோதெல்லாம் ஓங்கி மிதிப்பார்கள். மிதித்துவிட்டு, கண் எங்கே இருக்கிறது என்று வேறு கத்துவார்கள். நிதானம் அப்படி இல்லை. “நான் போடறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பாள். ஏதாவது நாய் குறுக்கே பாய்ந்து, சொல்ல நேரமில்லாமல் போட்டுவிட்டால், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்வாள். ஏன் போட்டேன், எதிரே என்ன வந்தது, நீ அதை எங்கே பார்த்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டுத்தான் மறுபடி வண்டியை எடுக்க விடுவாள். பெட்ரோலும் நேரமும் வீணாகிறது என்று முதலாளி முணுமுணுப்பார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். சொல்லாமல் பிரேக் போட்டால் ஓட்டுகிறவருக்குத் தன் காலின் மேலேயே சந்தேகம் வந்துவிடும், அதற்கப்புறம் எத்தனை வகுப்பு எடுத்தாலும் ஓட்ட வராது என்பது அவள் கட்சி.

இப்படிப்பட்டவள் பிள்ளை பெறப் போனால் எப்படிப் போவாள்? சாலை விதிகளைப் படிக்கிற மாதிரி படித்துவிட்டுத்தான் போனாள். முதல் தடவை கர்ப்பமான பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் வகுப்பு நடத்தினார்கள். அதில் முன் வரிசையில் உட்கார்ந்து, வலி வந்தால் எப்படி மூச்சு விடுவது, எப்போது முக்குவது, எப்போது முக்கக் கூடாது என்று குடைந்து குடைந்து கேட்டாள். இவள் ஒருத்தியின் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் மற்ற பெண்கள் கொட்டாவி விட்டார்கள். ஸ்டியரிங் தன் கையில்தான் இருக்கும், பக்கத்துப் பிரேக்கில் டாக்டர் கால் வைத்திருப்பார், ஆபத்து என்றால் சொல்லிவிட்டுப் போடுவார். அவள் மனசில் பிரசவம் என்றால் இவ்வளவுதான்.

வலி எடுத்த அன்று பாதி தூரம் வரை அப்படித்தான் போயிற்று. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் கணவரும், உதவிக்கு வந்திருந்த அம்மாவும் பிரசவ அறைக் கதவு வரைதான் வர முடிந்தது. உள்ளே அவள் தனியாகத்தான் சமாளித்தாள். மூச்சை வகுப்பில் சொன்னபடியே விட்டாள். நன்றாகச் செய்கிறாய் என்று ஒரு நர்ஸ் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். பிறகு வயிற்றில் கட்டியிருந்த கருவியின் சத்தம் மாறியது. அதைப் பார்த்த முகங்களும் மாறின. அவளுக்கு மேலே, அவளைத் தாண்டி, அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தர் வயிற்றை மேலிருந்து அழுத்தினார். கீழே கத்தி பட்டது தெரிந்தது. எதையோ உள்ளே வைத்து இழுத்தார்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். யாரும் திரும்பவில்லை. குழந்தை வெளியே வந்தது உடம்புக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. சத்தமே இல்லை. ஒரு கை எதையோ துணியில் ஏந்திக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

குழந்தை எங்கே என்று கத்தினாள். ஒன்றும் இல்லையம்மா, அசையாமல் படு, தையல் போட வேண்டும் என்றார்கள். மறுபடி கேட்டாள், அதே பதில் வந்தது. எத்தனை முறை கேட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. தையல் முடிந்து, அறையை மாற்றி, வெகுநேரம் கழித்துத்தான் அம்மா ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் படுக்க வைத்தாள். பையன், சிவப்பாக, முகம் துடைத்துச் சுத்தமாக இருந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தாள் நிதானம். எல்லோரும் எதிர்பார்த்து நின்றதால் சிரித்தும் வைத்தாள்.

அதற்கப்புறம் போனுக்கு மேல் போன். குழந்தை முகத்தைப் பார்த்ததும் வலியெல்லாம் பறந்து போயிருக்குமே என்று உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைப் பேசினார்கள். இதில் ஆண்களின் குரல்தான் ஓங்கி ஒலித்தது, என்னவோ அவர்கள் நாலைந்து பெற்றுப் பார்த்தவர்கள் மாதிரி. ஆமாம் என்று சொல்லிவைத்தாள். தாயும் நலம், சேயும் நலம், இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்? வேண்டும் என்று சொன்னால் நன்றி கெட்டவள் என்று பேர் வரும்.

வீட்டுக்கு வந்தவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுக்களைக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். ஜன்னலைத் திறப்பாள், உடனே சாத்துவாள். துவைத்து மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். தையல் போட்ட இடம் இழுக்கும், உட்கார்ந்தால் வலிக்கும், ஆனாலும் நடப்பாள். குட்டி போட்ட பூனை மாதிரி எதற்குடி சுத்துறே என்று அம்மா கேட்டாள். போட்ட பூனைதானே, சுற்றாமல் என்ன செய்யும் என்று இவள் திருப்பிக் கேட்டதில் இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அந்த வாரம் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

கால் வீட்டைச் சுற்றியது. மனசு அந்தக் கதவைச் சுற்றியது. அந்தத் துணி கதவைத் தாண்டிப் போனதற்கும் பையனாகத் திரும்பி வந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது? தெரியாத இடத்தை மனசு சும்மா விட்டு வைக்குமா? கை தவறிக் கீழே விட்டிருப்பார்களோ என்று ஒரு நாள் நினைத்தாள். ஏதோ ஊசியை மாற்றிப் போட்டிருப்பார்களோ என்று மறுநாள். எதையோ மறைக்கிறார்கள், அது இனிமேல்தான் வெளியே தெரியப்போகிறது என்று எல்லா நாளும் நினைத்தாள். பையன் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். காதருகே கையைத் தட்டி, அவன் திடுக்கிட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பிவிட்டு, அழ வைத்துவிட்டோமே என்று அவளே கலங்குவாள். பையன் மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆசைப்படத்தான் பயமாக இருந்தது.

இதில் அம்மா வேறு. அம்மா ஒரு சட்டைக் கம்பெனியில் மேஸ்திரி. வரிசையாகத் தையல் மெஷின்கள், அத்தனை பெண்களையும் மேய்ப்பது அவள் பொறுப்பு. எவளாவது காலர் தைக்கத் திணறினால், “கொண்டா இங்க” என்று பிடுங்கித் தானே தைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற ரகம். அதே கைதான் வீட்டிலும். பையன் லேசாக முனகினால் போதும், எங்கிருந்தாலும் ஈரக் கையோடு ஓடி வந்து நிதானத்தின் மடியிலிருந்து வெடுக்கென்று தூக்கிக்கொள்வாள். அழுகையை நிறுத்துவது அம்மா, குளிப்பாட்டுவது அம்மா, ஏப்பம் விட வைப்பது அம்மா. பால் கொடுக்க மட்டும் வேறு வழியில்லாமல் இவளிடம் வருவான். குடித்து முடிக்கிறானா என்று அம்மா எதிரிலேயே நின்று பார்ப்பாள்.

நிதானத்துக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. வேலையிலிருந்து வந்த பழக்கம்தான். பையனைத் தொடுவதற்கு முன் அவனிடம் சொல்வாள். இப்ப தூக்கறேன், இப்ப துடைக்கறேன், கொஞ்சம் சில்லுனு இருக்கும் என்பாள். பெரிய ஆபீசரிடம் கையெழுத்து வாங்குகிற மாதிரி இருக்கிறது என்று அம்மா கேலி செய்தாள். ஒரு நாள் மதியம், பால் குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறி ஒரு சின்ன இருமல் வந்தது. இவள் அவனை நிமிர்த்தத் தொடங்குவதற்குள் அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

“சொல்லிட்டு எடும்மா” என்றாள் நிதானம். அவள் நினைத்ததைவிடக் குரல் ஓங்கிவிட்டது.

“என் பேரனைத் தூக்க உன்கிட்ட எழுதிக் கொடுக்கணுமா?”

அதற்கு மேல் அடுக்களையில் பாத்திரங்கள்தான் பேசின. நான் இதற்கு லாயக்கில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள் என்று நிதானம் முடிவு கட்டினாள். கையில் பிள்ளை இருக்கும்போதெல்லாம் யாராவது வந்து பிடுங்கத்தான் போகிறார்கள் என்று தோளை இறுக்கிக்கொண்டே இருந்ததில், பிடி உண்மையிலேயே தடுமாற ஆரம்பித்தது. ஆக அம்மா சொல்வது சரிதான் போலிருக்கிறது என்றும் தோன்றியது. வாயைத் திறந்து அம்மா அப்படி எதுவுமே சொல்லவில்லை என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

அம்மாவின் விடுப்பு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. நீயும் குழந்தையும் கொஞ்ச மாதம் உன் அம்மா வீட்டில் போய் இருங்கள், அங்கே பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று கணவர் மெதுவாக ஆரம்பித்தார். அம்மா தலையாட்டினாள். இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. நிதானம் யோசித்துப் பார்த்தாள். போனால், இந்தப் பிள்ளையை இனி ஒருநாளும் தன் கையால் வளர்க்க வராது. போகாவிட்டால், என்ன ஆயிற்று என்றே தெரியாத ஒரு பிள்ளையோடு நாள் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும். இரண்டில் எதை நினைத்தாலும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இல்லை, கால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பார்லர் அக்கா பிள்ளையைப் பார்க்க வந்தாள். நிதானத்திடம் கார் கற்றுக்கொண்டிருந்தவள், டெஸ்டில் இரண்டு முறை கோட்டைவிட்டவள். முடி வெட்ட வருகிறவர்களிடம் கதை கேட்டுக் கேட்டு, நேரடியாகக் கேட்பதே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. நீ லீவில் போனதும் முதலாளியின் மச்சினன்தான் சொல்லிக்கொடுக்கிறான், ஓட்டுவது நானா அவனா என்றே தெரியவில்லை என்று புலம்பித் தீர்த்தாள். பிறகு பிள்ளையைக் கொஞ்சினாள். பிறகு, வந்தவர்கள் யாருமே இதுவரை கேட்காததைக் கேட்டாள்.

“உனக்கு எப்படி இருந்துச்சு, பிரசவம்?”

நல்லாத்தான் என்று சொல்ல வாயெடுத்த நிதானம் அந்தச் சொல்லைத் தொண்டையிலேயே விட்டுவிட்டாள். நடுவில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே தனக்குத் தெரியாது என்றும், குழந்தையை எங்கேயோ கொண்டுபோனார்கள் என்றும், அதிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது என்றும் சொன்னாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

“தெரியலைன்னா போய்க் கேளு. அவங்க அங்கதானே இருக்காங்க” என்றாள் பார்லர் அக்கா, ஏதோ கடையில் மாற்றிக் கொடுத்த ஜாக்கெட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. இவ்வளவு சுலபமான யோசனை இத்தனை நாளாக ஏன் தோன்றவில்லை என்று நிதானத்துக்கு வெட்கமாக இருந்தது. தோன்றாமல் இல்லை. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம்தான் தோன்ற விடவில்லை.

மறுநாள் தடுப்பூசி போடும் நாள். மூன்று பேருமாகப் பிள்ளையை எடுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். பிள்ளை அம்மா கையில் இருந்தது, கணவர் வரிசையில் நின்றார். பாத்ரூம் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டு நிதானம் மாடிப்படி ஏறினாள். பிரசவ அறைக்கு வெளியே வராந்தாவில், அன்று தோளைத் தட்டிக் கொடுத்த அதே நர்ஸ் வெளுத்து வந்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். முகத்தைவிட, குழந்தை எங்கே என்று கேட்ட குரல் மறக்கவில்லை என்றார்.

நிதானம் சுற்றி வளைக்கவில்லை. “அன்னைக்கு என் பையனை எங்க கொண்டுபோனீங்க சிஸ்டர்? என்ன பண்ணீங்க?”

நர்ஸ் துணியைக் கீழே வைத்தார். “கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சும்மா. துடிப்பு இறங்கிட்டே போச்சு, அதான் அவசரமா எடுத்தோம். வெளிய வந்தப்ப மூச்சு விடல. இதோ, இந்த எதிர் ரூமுக்குத்தான் கொண்டுவந்தோம். சளியை எடுத்து, முதுகைத் தேய்ச்சு, மாஸ்க் வச்சுக் காத்து கொடுத்தோம். கொஞ்ச நேரந்தான். அப்புறம் அழுதான் பாருங்க, இந்த வராந்தாவே கிடுகிடுத்துப் போச்சு.”

“அதனால பின்னாடி ஏதாவது வருமா?”

டாக்டர் அன்றும் மறுநாளும் தலையிலிருந்து கால் வரை பரிசோதித்ததையும், ஒரு குறையும் இல்லை என்றதையும் நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். இன்று கீழே இருக்கிற டாக்டரிடமும் கேட்டுப் பார்க்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். “ஏன், உங்களுக்கு இதெல்லாம் தெரியாதா? உங்க வீட்டுக்காரர்கிட்டயும் அம்மாகிட்டயும் டாக்டர் அப்பவே சொன்னாரே. பச்சை உடம்பு, பயந்துடுவா, நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்னு அவங்க சொன்னாங்க.”

நிதானம் மாடிப்படியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“எங்க மேலயும் தப்புதான்” என்றார் நர்ஸ். “அன்னைக்கு அடுத்தடுத்து ரெண்டு பிரசவம். யார்கிட்ட சொன்னாலும் உங்ககிட்டயும் வந்து சொல்லியிருக்கணும். சொல்லல.”

படி இறங்கும்போது முதலில் ஒரு பெரிய நிம்மதிதான் வந்தது. கீழே விடவில்லை, ஊசியை மாற்றிப் போடவில்லை, மறைக்கிற வியாதி எதுவும் இல்லை. கடைசிப் படிக்கு வருவதற்குள் கோபம் அந்த நிம்மதியை முந்திக்கொண்டுவிட்டது. ஊசி போட்ட டாக்டரிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அவரும் பையனைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதே பதிலைச் சொன்னார். கணவரும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு ஹாலில் நின்று கேட்டாள். பக்குவமாச் சொல்லிக்கிறோம்னு சொன்னீங்களாமே, எப்ப சொல்றதா இருந்தீங்க?

கணவர் தரையைப் பார்த்தார். நல்ல மனுஷர். ஓடாத ஃபிரிட்ஜில் என்ன கோளாறு என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். “நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிடுச்சு. நீ பாட்டுக்கு நல்லா இருக்கே, எதுக்குக் கிளறணும்னு...”

“நான் நல்லாவாங்க இருந்தேன்?”

அம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எதிர்த்துப் பேசப் போகிறாள் என்று நிதானம் காத்திருந்தாள். ஆனால் அத்தனை பெண்களை மேய்க்கிற அந்த வாய் கோணிக்கொண்டு போயிற்று.

“நான் பாத்தேன்டி” என்றாள் அம்மா. “என் கண்ணு முன்னாலதான் தூக்கிட்டுப் போனாங்க. நீலமா, துவண்டு போய்க் கிடந்தான். உள்ள நீ கத்துற, இவன் சத்தமில்லாம போறான். யார் பின்னாடி ஓடறதுன்னு தெரியாம நடுவுல நின்னேன். அன்னையிலேர்ந்து இவன் அழுதாலும் எனக்கு உசுரு போகுது, அழலைன்னாலும் போகுது. அதான் ஓடி ஓடி வர்றேன்.”

“எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதுன்னுதான் நீ பிடுங்குறேன்னு நெனச்சேம்மா.”

“உனக்கா?” என்றாள் அம்மா. “உனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா? என்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியல, அவ்வளவுதான்.”

ஒரே வீட்டில் மூன்று பேர் ஆளுக்கொரு மூலையில் ஒரே பிள்ளையின் மூச்சுக்குக் காவல் இருந்திருக்கிறார்கள். மற்றவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மூன்று பேரும் அதை ஒளித்து வேறு வைத்திருக்கிறார்கள். நிதானத்தின் கோபம் முழுக்கப் போய்விடவில்லை. அது போக நாளாகும், போகட்டும். ஆனால் அந்த வீட்டில் பயம் தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது இல்லை என்று தெரிந்ததும் கால் இரண்டும் ஓய்ந்துபோய், பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். இல்லையம்மா, நீ மட்டும் போ, நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்றாள் நிதானம். பயமாக இருந்தால் போன் செய்கிறேன், உனக்குப் பயமாக இருந்தாலும் நீ செய் என்றாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஊசி போட்ட கால் வலி தெரிந்து பையன் வீரிட்டான்.

லேசான முனகல் இல்லை. முகம் சிவந்து, முஷ்டியை இறுக்கி, ஹால் அதிரும்படி அழுதான். அம்மா வழக்கம்போல அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அடுக்களைப் பக்கம் திரும்பினாள். கணவர் தண்ணீர் எடுக்க ஓடினார், யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை. நிதானம் இரண்டு கையையும் நீட்டினாள். அம்மா ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுப் பிள்ளையைக் கொடுத்தாள்.

மடியில் போட்டுக்கொண்டு, தலையைப் பிடித்து, அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தோள் இறுகவில்லை. அவன் இன்னும் ஓங்கி அழுதான். பால் கொடேன், இல்லாவிட்டால் கொஞ்சம் ஆட்டேன் என்று அம்மா பக்கத்தில் நின்று தவித்தாள். கணவர் டம்ளரும் கையுமாக வந்து நின்றார்.

“கொஞ்சம் இருங்க. கொடுக்கறேன்” என்றாள் நிதானம். “அன்னைக்கு இவனோட மொத அழுகையை வராந்தாவுல நின்னு நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்க. நான் கேக்கவே இல்லையே.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையன் மூச்சை இழுத்து இழுத்து அழுதான். அவன் ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் நிதானம் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.